பாய் ஊருக்குப் போனால் ஸ்கூட்டர் எடுத்தே ஆக வேண்டுமா?

கரிசல்காட்டான்:
ஜனவரி இரண்டாம் வாரம் நானும் தம்பியும் வட தாய்லாந்தில், மே ஹொங் சோன் மாகாணத்து மலைகளுக்கு நடுவே இருக்கும் பாய் ஊரில் மூன்று இரவு தங்கப் போகிறோம். தங்கும் செலவு போக, ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 பாட்டுக்குள் (பாட் என்பது தாய்லாந்துப் பணம்) முடிக்க வேண்டும். விசாரித்த இடமெல்லாம் "ஸ்கூட்டர் எடுங்கள், அதுதான் மலிவு" என்கிறார்கள். தம்பி உரிமம் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது. என்ன செய்யலாம்?

நெடுஞ்சாலை:
தயங்காமல் எடுங்கள் தம்பி. பாயில் பார்க்க வேண்டியவை ஊருக்குள் இல்லை. கொங் லான் என்று உள்ளூரார் சொல்லும் செம்மண் பள்ளத்தாக்கான பாய் கேன்யன் சியாங் மாய் சாலையில் 8 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மோ பெங் அருவி வேறு திசை, பாம் போக் மூங்கில் பாலம் இன்னொரு திசை. இவற்றை இணைக்கும் டவுன் பஸ் கிடையாது. தாய்லாந்திலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பழகிய எனக்கு அந்தச் சாலைகள் சுகமாகவே இருந்தன. கேன்யனில் அந்தி சாயும்வரை உட்கார்ந்துவிட்டு, நினைத்த நேரத்தில் கிளம்பி வரும் சுதந்திரம் வேறு எதிலும் கிடைக்காது.

தாழம்பூ:
நெடுஞ்சாலை அண்ணா, கொல்லிமலையில் ஓட்டியவருக்குச் சொல்லும் பதிலை ஆறு மாத உரிமக்காரருக்குச் சொல்லாதீர்கள்.

என் தோழி மோ பெங்கிலிருந்து திரும்பும்போது விழுந்தாள். வேகமே இல்லை. வளைவில் சிதறிக் கிடந்த பொடிக்கல்லில் முன்சக்கரம் வழுக்கியது, அவ்வளவுதான். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோல் உரிந்துவிட்டது. செவிலியர் உப்புநீர் ஊற்றி, சதைக்குள் புதைந்த கற்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். அதுவரை அவள் என் கையை விடவே இல்லை. பிடித்த பிடியில் என் மோதிரம் விரலில் பதிந்து, சாயங்காலம்வரை தடம் மறையவில்லை. அன்று அந்த மருத்துவமனை வரிசையில் கட்டோடு உட்கார்ந்திருந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் மட்டும் நான்கு பேர்.

இருசக்கர வாகனத்துக்கான பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி அவளிடம் இல்லை என்பதால் பயணக் காப்பீடு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. வண்டியில் விழுந்த கீறல்களுக்கு வாடகைக் கடைக்காரர் தனியாகப் பணம் வாங்கினார். மலிவு என்று எதைச் சொல்கிறோம்?

நெடுஞ்சாலை:
உங்கள் தோழிக்கு நேர்ந்தது மிகவும் வருத்தமாக இருக்கிறது சகோதரி. ஆனால் அந்த அனுமதியை நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே வாங்கிவிடலாம். அதை வாங்காமல் போனதற்கு ஊரையும் வண்டியையும் குறை சொல்ல முடியாது. அனுமதி, தலைக்கவசம், மிதமான வேகம், இம்மூன்றும் இருந்தால் போதும். வாடகைக் கடையில் பாஸ்போர்ட்டை மட்டும் அடகாக விட்டு வராதீர்கள்.

நடந்தே பார்ப்பது என்றால் மாலைச் சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும்தான் மிஞ்சும். அதற்காகவா அவ்வளவு தூரம் போவது?

தாழம்பூ:
அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆற்றைக் கடந்து அரை மணி நடந்தால் மே யென் கோயில். 353 படி ஏறினால் வெள்ளைப் புத்தர், அவர் காலடியில் பள்ளத்தாக்கு முழுவதும். கட்டணம் இல்லை. மே யென் அருவிக்கு ஒற்றையடிப் பாதையில் போக மூன்று மணி நேரம், திரும்ப மூன்று மணி நேரம். ஒரே ஓடையை எத்தனை முறை கடக்கிறோம் என்ற கணக்கே விட்டுப்போகும். நனைந்தால் கவலையில்லாத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் போகாதீர்கள். பாயில் நான் கழித்த மிகச் சிறந்த நாள் அதுதான். செலவு, மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போன சோறும் பழமும் மட்டுமே.

தாம் லோட் குகை 50 கிலோமீட்டர் தள்ளி, பாங் மாபாவில் இருக்கிறது. அதற்குச் சுற்றுலா வேனில் இடம் வாங்கிக்கொள்ளலாம். விளக்கேந்திய உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். குகைக்குள்ளேயே ஆறு ஓடுகிறது, மூங்கில் தெப்பத்தில் போகிறோம். முடிவில் மரத்தைக் குடைந்து செய்த பழங்காலச் சவப்பெட்டிகள். பல வேன்கள் திரும்பும் வழியில் கேன்யனிலும் நிறுத்துகின்றன.

பனிமூட்டம்:
இரண்டு பருவங்களில் அங்கே தங்கியவன் என்பதால் சொல்கிறேன். தேதியை நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல்வரை காடும் வயலும் எரிந்து எதிரே இருக்கும் மலையே கண்ணுக்குத் தெரியாது. ஜனவரியில் விடியற்காலைக் குளிருக்குக் கம்பளி வேண்டும்.

நீங்கள் இருவருமே சொல்லாத ஓர் இடம் உண்டு. பாம் போக் சாலையில் 2008இல் ஒரு விவசாயியின் நிலம் திடீரெனப் பிளந்தது. பயிர் செய்ய வழியில்லாமல், வருகிறவர்களுக்கு அந்தப் பிளவைக் காட்டத் தொடங்கினார். புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவந்த இதழ்களில் இறக்கிய சாறு, வறுத்த வாழைக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் மூங்கில் மேசைக்கு வரும். விலை கிடையாது, உண்டியலில் விரும்பியதைப் போடலாம். சிக்கனம் பார்க்கிறோம் என்று அங்கே கையை இறுக்காதீர்கள். அந்தக் குடும்பத்தின் விளைச்சல் இனி அதுதான்.

அதே சாலையில்தான் மூங்கில் பாலமும் இருக்கிறது. துறவிகள் சேற்றில் இறங்காமல் பிச்சைக்குப் போய்வர, வயல்களின் மேலே ஊர்மக்கள் கட்டியது. ஊரில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். மேடு ஏறும்போது இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

நெடுஞ்சாலை:
சைக்கிள் எனக்குத் தோன்றவில்லை, நல்ல யோசனை. வெந்நீர் ஊற்றுகளுக்கு மட்டும் ஸ்கூட்டரில் போகச் சொல்லி நானும் பரிந்துரைக்க மாட்டேன். தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் தா பாய் ஊற்றுக்கு வெளிநாட்டவர் 300 பாட் கொடுக்க வேண்டும், உங்கள் கணக்கில் அது பெரிய துண்டு விழும். சாய் ங்காம் ஊற்றுக்குப் போகும் ஏற்றம் செங்குத்தானது. பின்னால் ஆளை வைத்துக்கொண்டு புதியவர் அதில் ஓட்டக் கூடாது. மற்ற சாலைகளைப் பொறுத்தவரை என் கருத்தில் மாற்றமில்லை.

தாழம்பூ:
எனக்கும் மாற்றமில்லை. கேன்யனில் ஒரே ஒரு எச்சரிக்கை. செம்மண் முகடு சில இடங்களில் ஒரு காலடி அகலம்தான், இரண்டு பக்கமும் பள்ளம், பிடிக்கக் கம்பி இல்லை. மண் தூளாக உதிரும். படம் எடுக்கப் பின்னோக்கி நகராதீர்கள்.

கரிசல்காட்டான்:
மூவருக்கும் நன்றி. முதல் நாள் மே யென் அருவி, இரண்டாம் நாள் வேனில் குகையும் கேன்யனும், மூன்றாம் நாள் சைக்கிளில் பாம் போக். தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்த அருவிப் பாதைக்குக் காலை எத்தனை மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பலாம்?

தாழம்பூ:
எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். நடுப்பகல் தாண்டியும் அருவி வரவில்லை என்றால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள்.