ஜப்பான் காரிலிருந்து ஐரோப்பிய காருக்கு, இல்லை அங்கிருந்து இங்கே தாவியவர்கள்: மனத்தில் தங்கிய ஒரு சம்பவம் மட்டும் சொல்லுங்கள்

மூன்றாம் சாவி:

பத்தொன்பது வருடம், மூன்று கார், மூன்றும் ஒரே ஜப்பான் கம்பெனி. நான்காவதும் அதேதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது, நிறத்தில் மட்டும்தான் சண்டை. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு ஐரோப்பிய காரை டெஸ்ட் டிரைவ் எடுத்தேன். கதவைச் சாத்தினேன். 'தொப்' என்று ஒரு சத்தம். என் காரில் அது 'டங்'. ஓட்டுவதற்கு முன்பே பாதி முடிவு ஆகிவிட்டது. மீதிப் பாதி நெடுஞ்சாலையில், மழைத் தூறலில், நூறைத் தாண்டும்போது. வேகம் கூடக் கூட ஸ்டீயரிங் இறுகி, வண்டி சாலையில் பதிந்து போனது. அதற்கு மேல் விளக்க வேண்டாம், இங்கே எல்லோருக்கும் தெரிந்த மயக்கம்தான்.

என்னை உறுத்துவது அதுவல்ல. பழைய காரை வாங்க வந்தவர். அறுபது வயதிருக்கும். 2,40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. பெயிண்ட், டயர், சீட் எதையும் அவர் பார்க்கவில்லை. பானெட்டைத் திறந்து ஆயில் மூடியைத் திருகி எடுத்தார். மூடியின் அடிப்பக்கத்தை விரலால் ஒரு வழி வழித்து முகர்ந்தார். ஃபோன் டார்ச்சை உள்ளே அடித்து ரொம்ப நேரம் எட்டிப் பார்த்தார். கசடு இல்லை, கறுப்பு இல்லை. சர்வீஸ் பில் கோப்பைக் கொடுத்தேன். ஒரு பில் கூட விடுபடவில்லை.

"என்ன கோளாறு சார்?"

"ஒன்றும் இல்லை."

"ஒண்ணுமே இல்லாத வண்டியை யாராவது விப்பாங்களா?"

மாற்ற வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான் என்றேன். அவர் முகத்தில் சந்தேகம் கூடியதே தவிர குறையவில்லை. தெரியாத கோளாறுக்காக விலையைக் குறைத்துக் கேட்டார். கொடுத்துவிட்டேன். கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "இப்பவாவது சொல்லுங்க" என்றார். எட்டு மாதம் ஆகிறது, இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

உங்கள் கதையையும் சொல்லுங்கள். எது நல்லது என்ற சண்டை மட்டும் வேண்டாம், அதற்கு முடிவே கிடையாது.

இடக்கைக் குச்சி:

என் கதை சின்னது. ஸ்டீயரிங் வலது பக்கம் உள்ள ஊர்களில் ஜப்பான் கார்களில் இண்டிகேட்டர் குச்சி பெரும்பாலும் வலது கையில் இருக்கும். ஐரோப்பிய கார்களில் இடது கையில். மற்ற கையில் வைப்பர் குச்சி. பதினொரு வருடம் ஐரோப்பிய கார் ஓட்டியவன் நான். மகள் அதில்தான் பழகினாள். ஓட்டுநர் தேர்வுக்குக் கொடுத்ததோ ஜப்பான் வண்டி.

முதல் திருப்பம். சுள்ளென்று வெயில். வைப்பர் சரட் சரட் என்று காய்ந்த கண்ணாடியைத் தேய்க்கிறது. தேர்வாளர் வானத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "மழை வருதா?" என்றார். இரண்டாவது திருப்பத்திலும் அதே. மூன்றாவதில் பதற்றத்தில் கண்ணாடிக்குத் தண்ணீரும் பீய்ச்சிவிட்டாள்.

இதை இன்றைக்கும் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்று முழுக்க என்னோடு பேச மாட்டாள். தப்பு என்னுடையதாம், நான் 'கம்பெனி பைத்தியமாம்'.

மஞ்சள் விளக்கு:

மூன்றாம் சாவி சார், எட்டு மாதம் ஆகிவிட்டதா? வாரண்டி முடியட்டும், அப்புறம் பேசலாம்.

எனக்கு நடந்தது இது. ஐரோப்பிய கார், ஐந்தாவது வருடம். காலையில் ஸ்டார்ட் செய்தால் டேஷ்போர்டு முழுக்க விளக்கு. எஞ்சின், ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டீயரிங், பார்க்கிங் பிரேக் என்று ஒன்று விடாமல் எரிகிறது. திருவிழாவுக்குச் சீரியல் பல்பு போட்டது போல. எனக்குக் கால் நடுங்கிவிட்டது. இழுவை வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனரைச் செருகியதும் பதினான்கு கோளாறு எண்கள் வரிசையாக வந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டர் முகத்தைப் பார்ப்போமே, அப்படி மெக்கானிக் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒன்றும் பேசாமல் மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் பேட்டரியில் வைத்தார். "பேட்டரி செத்துப்போச்சு சார்" என்றார்.

பதினான்கு நோய்க்கும் காரணம் ஒரு பேட்டரி. மின்னழுத்தம் இறங்கியதும் ஒவ்வொரு கணினியும் தன் பங்குக்கு ஒரு புகாரை எழுதி வைத்திருக்கிறது. சரி, புதிதை மாட்டி அனுப்புங்கள் என்றால், மாட்டினால் மட்டும் போதாதாம். பேட்டரி புதிது என்று ஸ்கேனர் வைத்து வண்டிக்குச் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்துக்கொண்டே சார்ஜ் செய்யுமாம். மனைவியின் ஜப்பான் காருக்குப் போன வருடம் பேட்டரி மாற்றினோம். ஒரு ஸ்பானர், பத்து நிமிடம். அது யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஆயில் குச்சி:

எனக்கு நடந்தது இரண்டு வரிதான். ஐரோப்பிய காருக்கு வெறும் 5டபிள்யூ-30 என்று பார்த்து ஆயில் ஊற்றினேன். அடுத்த சர்வீஸில் மெக்கானிக் டப்பாவைத் திருப்பிக் காட்டி, "பின்னாடி எழுதியிருக்கறதைப் படிச்சீங்களா?" என்றார். படிக்கவில்லை. அந்த நிமிடம் கூசிப்போனேன்.

புதிதாக வாங்குபவர்களுக்காக இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆயில் டப்பாவின் முன்பக்கத்தில் இருப்பது அதன் ஓட்டத்தன்மை மட்டும்தான். பின்பக்கத்தில்தான் கார் கம்பெனி கொடுத்த ஒப்புதல் எண் இருக்கும். ஃபோக்ஸ்வாகன் 504.00/507.00, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04, மெர்சிடிஸ் 229.51 என்று இப்படி. கையேட்டில் எந்த எண் போட்டிருக்கிறதோ அதுதான் வேண்டும், 'அதே மாதிரிதான் சார்' என்று கடைக்காரர் சொல்வது வேண்டாம். அப்புறம் சில ஐரோப்பிய கார்கள் 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு வருடம் வரை ஆயில் தாங்கும் என்று சொல்லும். அது ஒரே சீரான வேகத்தில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு. பள்ளிக்கூடம், ஆபீஸ், காய்கறிக் கடை என்று ஓட்டுகிறவர்கள் அதில் பாதியில் மாற்றிவிடுங்கள். எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடுகிறோம், ஆயிலுக்கு அதுதான் எமன்.

நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின் என்றால் இன்னொன்று. பெட்ரோல் வால்வின் முதுகில் படாது, அதனால் கழுவாது, கரி படியும். டொயோட்டா தன் டி-4எஸ் எஞ்சின்களில் சிலிண்டருக்குள்ளும், வால்வுக்கு முன்னாலுள்ள காற்று வழியிலும் பீய்ச்சுகிறது, அங்கே இந்தத் தொல்லை குறைவு. உலர் கிளட்ச் (ஆயிலில் மூழ்காதது) உள்ள இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் நெரிசலில் அரை அடி, கால் அடி என்று ஊர்ந்து போகாதீர்கள். இடைவெளி விழட்டும், பிறகு போங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் உங்கள் கிளட்சுக்குப் பணம் கட்டப் போவதில்லை. ஜப்பான்காரர்களும் சிரிக்க வேண்டாம். உங்கள் சிவிடி (படிப்படியாக இல்லாமல் சீராக விகிதம் மாறும் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் ஆயிலை எப்போது மாற்றினீர்கள்? 'வாழ்நாள் முழுக்க' என்று போட்டிருந்தால், யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள். நான் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

கூலன்ட் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.

இடக்கைக் குச்சி:

ஆயில் குச்சி சார், யாரும் கேட்கவில்லையே. சம்பவம் இரண்டு வரி, உபதேசம் இரண்டு பக்கம்.

நேர்கோடு:

எல்லோரும் ஜப்பான் கார் ஏதோ சத்தியவான் மாதிரியும் ஐரோப்பா கார் ஏமாற்றுக்காரன் மாதிரியும் பேசுகிறீர்கள். மஞ்சள் விளக்குக்கு ஐந்து வருடம் ஓடிய பேட்டரி செத்ததுதான் குற்றமா? ஐந்து வருடத்தில் எந்த பேட்டரியும் சாகும்.

நீங்கள் அடுத்து 2015 டீசல் விவகாரத்தைத்தான் இழுப்பீர்கள் என்று தெரியும். ஆமாம், ஃபோக்ஸ்வாகன் புகைச் சோதனையில் ஏமாற்ற மென்பொருள் வைத்தது, உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகள். மறுக்கவில்லை. ஜப்பான் பக்கம், விரியும்போது வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறவிட்ட தகாட்டா ஏர்பேக்? அந்தக் கம்பெனி 2017-ல் திவாலே ஆனது. 2023 டிசம்பரில் பாதுகாப்புச் சோதனை முறைகேட்டால் டொயோட்டாவின் துணைக் கம்பெனி டைஹாட்ஸு தன் எல்லா வண்டிகளின் விநியோகத்தையும் நிறுத்தியது. இரண்டு வீட்டிலும் ஓட்டை இருக்கிறது.

என் சம்பவம்: பின்னாலிருந்து லாரி இடித்தது. ஐரோப்பிய கார். டிக்கி பின் சீட் வரைக்கும் மடங்கி வந்துவிட்டது, பின் கதவு சாதாரணமாகத் திறந்தது. அம்மா அதன் வழியாக இறங்கி, செருப்பைத் தேடினார். இப்போதும் கண்ணில் நிற்பது அந்தச் செருப்பைத் தேடியதுதான். மூன்று புள்ளி சீட் பெல்ட்டை 1959-ல் கொண்டுவந்தது வோல்வோ, காப்புரிமையை மற்றவர்களுக்கும் திறந்துவிட்டது. நான் ஏன் மாற மாட்டேன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மஞ்சள் விளக்கு:

நேர்கோடு, அம்மா நலமாக இருப்பதில் சந்தோஷம். ஆனால் வோல்வோ திறந்துவிட்டதால்தான் ஜப்பான் காரிலும் அந்த பெல்ட் இருக்கிறது. உங்கள் வாதம் எனக்குத்தானே உதவுகிறது?

பழைய ஜாக்கி:

சண்டை போடுகிறவர்கள் ஒரு தடவை வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள்.

ஆறு வருடம் என் மச்சானைக் கிண்டல் செய்திருக்கிறேன். அவர் ஜப்பான் கார் ஆள். ஒவ்வொரு விசேஷத்திலும் "உங்க வண்டி ஃபிரிட்ஜ் மாதிரி மாப்ளே, ஓடும், ஆனா உணர்ச்சி இருக்காது" என்பேன். என் ஐரோப்பிய காரின் ஆட்டோமேட்டிக் கியர் மாறும் அழகைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். 'இதெல்லாம் அவங்களுக்கு மட்டும்தான் வரும்' என்பேன்.

ஒரு நாள் கியர் ஆயில் மாற்ற வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். துணைக்கு மச்சானும் வந்திருந்தார். மெக்கானிக் கந்தல் துணியால் கியர்பாக்ஸின் பக்கவாட்டைத் துடைத்தார். அழுக்குக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் தகடு வெளியே வந்தது. முதலில் 'ஏ'. அப்புறம் 'ஐ'. இன்னொரு தேய்ப்பில் முழுப் பெயரும்: ஐசின். டொயோட்டா குழுமத்துக் கம்பெனி. பல ஐரோப்பிய கார்களுக்கு அவர்கள்தான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கிறார்கள் என்று மெக்கானிக் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த போல்ட்டுக்குப் போய்விட்டார்.

மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். வீடு வரும் வரை ஒவ்வொரு தடவை கியர் மாறும்போதும் லேசாகத் தலையை ஆட்டி, "ம்ம்... உணர்ச்சி" என்றார்.

இதன் மறுபக்கமும் உண்டு. 2019-ல் வந்த டொயோட்டா சுப்ரா பிஎம்டபிள்யூ எஞ்சினோடு ஆஸ்திரியாவில் கிராட்ஸ் ஊரில் தயாரானது. 2005-லிருந்து செக் நாட்டின் கோலின் ஆலையில் டொயோட்டா ஐகோ, பெஜோ 107, சிட்ரோயன் சி1 மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே பிறந்த பிள்ளைகள். ஜாதகம் பார்த்து வாங்குகிறவர்கள் எந்த நாட்டு ஜாதகத்தை எடுத்து வைப்பீர்கள்?

பின்னிருக்கை:

பழைய ஜாக்கி, நாடு எதுவாகவும் இருக்கட்டும். பாசம் வருவது வண்டி கெட்டுப்போகும் நாளில்தான் என்பது என் கட்சி. 1989-ல் டொயோட்டாவின் சொகுசு கார் பிராண்டான லெக்சஸ் வந்த சில மாதத்திலேயே எல்எஸ் 400 வண்டிகளில் சுமார் 8,000-ஐத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. வீட்டுக்கே ஆள் அனுப்பி வண்டியை எடுத்துப்போய், சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். புதுக் கம்பெனிக்குப் பெயர் கிடைத்தது அந்தத் தவறை வைத்துத்தான்.

என் ஜப்பான் காருக்கும் திரும்ப அழைப்புக் கடிதம் வந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. உதிரிப் பாகம் வர ஐந்து மாதம். அதுவரை முன் சீட்டில் ஆளை உட்கார வைக்காதீர்கள் என்றார்கள். நான் ஓட்ட, மனைவி பின்னால். பக்கத்து வீட்டுக் குழந்தை "மாமா, நீங்க டாக்ஸி ஓட்டறீங்களா?" என்று கேட்டது. ஐந்தாவது மாதம் சரிசெய்து கொடுத்தார்கள். சீட்டில் எண்ணெய்க் கை ரேகை. கழுவவும் இல்லை, பெட்ரோலும் இல்லை. மூன்று தலைமுறையாக அந்தக் கம்பெனி வண்டி ஓட்டிய குடும்பம் எங்களுடையது. என் மனைவிக்கு மட்டும் பின் சீட்டே பழகிவிட்டது, இப்போதும் அங்கேதான் உட்காருகிறாள்.

ஆயில் குச்சி:

கூலன்ட் நிறத்தைப் பற்றி: சிவப்பு, பச்சை, நீலம் என்பது வெறும் சாயம். நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டைக் கலக்காதீர்கள். அவ்வளவுதான், திட்ட வேண்டாம்.

மூன்றாம் சாவி:

சண்டை வேண்டாம் என்று நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று தெரிகிறது. பரவாயில்லை. மஞ்சள் விளக்குக்கு மட்டும் ஒரு செய்தி: நேற்று என் புது வண்டியில் முதல் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஏதோ சென்சாராம். வாரண்டியில் மாற்றித் தருகிறார்கள்.

ஒர்க்‌ஷாப் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஃபோன் வந்தது. பழைய வண்டியை வாங்கியவர்.

"சார், வண்டி நல்லா ஓடுது. சஸ்பென்ஷனைப் பிரிச்சுப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. ரேடியேட்டர், கிளட்ச், எல்லாம் பாத்தாச்சு. எட்டு மாசமா தூக்கம் இல்ல சார். எதுக்கு வித்தீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க, திருப்பிக் கேக்க மாட்டேன்."

இந்த முறை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "கதவுச் சத்தம்தாங்க" என்றேன்.

மறுமுனையில் பெருமூச்சு. நிம்மதி போல இருந்தது. பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கூடக் கேட்டது.

"முன்கதவா, பின்கதவா சார்?"