கட்சி ரசீது புக்கும் ஆடிட்டர் ஆபீசும்: சேலத்து அனுபவங்க

செவ்வாப்பேட்டைல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். ஒரு சின்னக் கட்சியோட மாவட்டப் பொருளாளர் மஞ்சப் பையோட வந்தாரு (கட்சி பேரெல்லாம் கேக்காதீங்க). பையக் கவுத்தா பூரா ரசீது புக்கு. ஒண்ணப் பொரட்டிப் பாத்தா ஒரே தேதில வரிசையா 25 ரசீது, எல்லாம் 2,000, எல்லாம் ஒரே பேனா ஒரே கையெழுத்து, குடுத்தவர் பேருங்கற எடத்துல "பொதுமக்கள்", "நலம் விரும்பி", ஒண்ணுல "முருகன் துணை". என்னங்கண்ணா இதுன்னு கேட்டா, "வெள்ளிப் பட்டறைக்காரர் ஒருத்தர் அம்பதாயிரம் ரொக்கமா குடுத்தாருப்பா, ரெண்டாயிரத்துக்கு மேல ரொக்கம் வாங்கக் கூடாதுன்னாங்க, அதான் பிரிச்சுட்டேன்"ங்கறாரு. அதுல பெருமை வேற.

அவரச் சொல்லிக் குத்தமில்ல, 2017 பட்ஜெட்ல வந்த அந்த 2,000 ரூபா வரம்ப எல்லாரும் இப்படித்தான் புரிஞ்சு வெச்சிருக்காங்க. ரசீதப் பிரிச்சாலும் குடுத்தது ஒரே ஆளோட அம்பதாயிரந்தான். 20,000க்கு மேல யாரு குடுத்தாலும் பேரு, விலாசம், பான் நம்பரோட 24ஏ படிவத்துல தேர்தல் கமிஷனுக்குப் போகணும், அதுவும் வருமான வரி ரிட்டர்ன் கெடுவுக்கு முன்னாடி, இல்லன்னா கட்சிக்கு வரிவிலக்கே கெடையாது. ஜில்லாக் கணக்கெல்லாம் தலைமைல ஒண்ணாச் சேந்துதான் போகும், அதனால இங்க ஒருத்தர் சொதப்பினா மொத்தக் கட்சி தலைல விடியும். காங்கிரசுக்கே நடந்துச்சே, 2017-18 கணக்க ஒரு மாசம் லேட்டா போட்டது, 14 லட்சத்துச் சொச்சம் ரொக்கம் வரம்பத் தாண்டினது, இந்த ரெண்டயும் காட்டி 199 கோடிக்கு விலக்கு இல்லன்னு வரித்துறை சொல்லிருச்சு, 2025 ஜூலைல வருமான வரித் தீர்ப்பாயமும் அதயே சொல்லிருச்சு. இதச் சொன்னப்பறந்தான் பொருளாளர் டீய கீழ வெச்சாரு.

நெஜமான கஷ்டம் படிவம் இல்லீங்க, பேரு வாங்கறதுதான். பட்டறைக்காரருக்குப் போன் போட்டா "பணத்த வெச்சுக்கங்க, என் பேரு மட்டும் வேணாம்"ங்கறாரு, நாளைக்கு எதிர்க்கட்சி ஆளுங்க ஜெயிச்சா கடைக்கு வந்து நிப்பாங்களாம். நான் சொன்னேன், பேங்குல வாங்கி கட்சிக்குக் குடுத்த தேர்தல் பத்திரத்துலயும் பேரு வெளிய வராதுன்னுதான் எல்லாரும் நம்புனாங்க, 2024 பிப்ரவரி 15 உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணி மார்ச்லயே யாரு வாங்கினது எந்தக் கட்சி மாத்தினதுன்னு நம்பரோட வந்துருச்சே, அதுக்கு செக்காவே குடுத்துட்டா உங்களுக்கு 80ஜிஜிசி கழிவாவது (கட்சி நன்கொடைக்கான வரிக்கழிவு) கெடைக்கும்னு. ரொக்கத்தத் திருப்பி வாங்கிட்டு செக் குடுத்தாரு, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுதான். அந்த 25 ரசீதும் கேன்சல்.

ஏற்காட்டுல இருந்து இன்னொருத்தர்: நான் ஒரு காப்பி எஸ்டேட்ல கணக்குப் பாக்கறேன், பிரைவேட் லிமிடெட். எலக்சன் நேரத்துல நன்கொடைன்னு நாலு பேரு ஜீப்புல மேல ஏறி வந்துட்டாங்க, மொதலாளி ஆள் கூலிக்கு எடுத்து வெச்ச காசக் குடுத்து அனுப்புன்னாரு. முடியாதுங்கய்யா, கம்பெனி ரொக்கமா குடுக்கவே கூடாது, ஆரம்பிச்சு மூணு வருசம் ஆயிருக்கணும், போர்டு தீர்மானம் வேணும், தேர்தல் பத்திரத் தீர்ப்புக்கு அப்புறம் மூணு வருச சராசரி லாபத்துல 7.5 சதவீத வரம்பும் திரும்ப வந்துருச்சுன்னேன். "போன வருசம் லாபம் எங்கடா வந்துச்சு"ன்னு சிரிச்சுட்டாரு. வந்தவங்களுக்கு ஆளுக்கு அரைக்கிலோ காப்பித்தூள் கட்டிக் குடுத்தோம், அதுக்கு என்ன படிவம்னு கேக்காதீங்க.

அஸ்தம்பட்டில இருந்து வேறொருத்தர்: நானும் ஒண்ணு சொல்றேன், எங்க ஆபீஸ்ல ஒருத்தர் யாருமே கேள்விப்படாத ஒரு கட்சிக்கு செக் குடுத்து, அவங்க கமிஷன் புடிச்சுட்டு மிச்சத்த ரொக்கமா கைல குடுத்துட்டாங்களாம், இவரு முழுசுக்கும் 80ஜிஜிசி போட்டு ரீஃபண்டும் வாங்கிட்டாரு. 2025ல வரித்துறை இந்த மாதிரி கேசெல்லாம் நோண்ட ஆரம்பிச்சதும் இவருக்கும் மெசேஜ் வந்துச்சு. இப்ப அந்தக் கழிவ எடுத்துட்டு அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டு வட்டியோட கட்டிட்டிருக்காரு, அந்தக் கட்சிக்காரரு போனே எடுக்கறதில்லையாம்.