சீஸ் தட்டில் பனங்கட்டி வைத்தவர்கள் இருக்கிறீர்களா?

கொக்குவிலில் இருந்து:

லண்டனில் இருந்து மச்சாள் குடும்பம் வந்திருந்தது. போகிற வீடெல்லாம் ரோல்ஸும் பற்றிஸும் கொடுத்து அவர்களை அலுக்கப்பண்ணியிருந்தார்கள். அதனால் பின்னேரத்துக்கு ஒரு சீஸ் தட்டு வைப்பம் என்று முடிவெடுத்தேன். படங்களில் வருகிற அத்திப்பழத்தையும் வால்நட்டையும் நான் தேடவேயில்லை. விலையைக் கேட்டால் ஆசை போய்விடும்.

சீஸ் இரண்டு வகைதான்: கொத்மலை செடார் ஒரு கட்டி, கௌடா ஒரு துண்டு. இரவுச் சாப்பாடும் இருந்ததால் ஆளுக்கு 50 கிராம் கணக்கு. கௌடா இளசு, வளையும். அதை மெல்லிய முக்கோணமாக வெட்டினேன். செடாரைக் கத்தி நுனியால் கிளறி ஒழுங்கில்லாத துண்டுகளாகப் பிய்த்தேன். அப்படிப் பிய்த்தால்தான் கையால் எடுத்துச் சாப்பிட மனம் வரும்.

இனிப்புக்குப் பனங்கட்டி. அது வருகிற ஓலைக் குட்டானைப் பிரித்து, துணியில் சுற்றி, அம்மிக் குழவியால் ஒரு தட்டு. கடலைப் பருப்பளவு துண்டுகளாக உடைந்தால் போதும், பெரிதாக வைத்தால் சீஸின் ருசியே தெரியாது. செடாரின் உப்பு முதலில் நாக்கில் படும், அது கரையும்போது பனங்கட்டியின் இலேசான புகை மணம் மேலே வரும். கித்துள் பாணியிலும் தேனிலும் எனக்கு இந்தப் பொருத்தம் கிடைக்கவில்லை. அவை சீஸின் மேல் வழிந்து தட்டையும் பிசுபிசுப்பாக்கிவிடும்.

மொறுமொறுப்புக்குப் புழுக்கொடியல், அதாவது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு. நீளவாக்கில் பிளந்து, பீலியை எடுத்துவிட்டு, விரலளவு துண்டுகளாக முறித்தேன். புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடும் பனங்கட்டியோடும் கடித்து வளர்ந்த எங்களுக்கு, சொட்டின் இடத்தில் செடார் வந்தது பெரிய மாற்றமாகத் தெரியவில்லை. கொழுப்பும் இனிப்பும் கடிக்கிற சுகமும் அதேதான். வறுத்த கச்சான் (நிலக்கடலை) ஒரு குவியல், உரும்பிராய்ப் பக்கத்துக் கறுப்பு முந்திரிகை ஒரு குலை, நான்கைந்து கிறீம் கிறாக்கர். முந்திரிகையில் விதை இருக்கும், புளிப்பும் இருக்கும். செடாரின் கொழுப்பை வாயில் இருந்து கழுவ அந்தப் புளிப்புத்தான் வேண்டும்.

மச்சாளின் மகன் கிறாக்கரைத் தொடவில்லை. "மாமி, இந்த மரக்குச்சி இன்னும் இருக்கோ?" என்று கேட்டுப் புழுக்கொடியலை முடித்துவிட்டான். நீங்கள் என்ன வைத்தீர்கள்?

நல்லூரில் இருந்து:

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன், சைவக்காரருக்கு உதவும். நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறினால் 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. அந்த நேரம் பாரிஸில் இருந்து தம்பி வந்து பார்மிஜானோ ரெஜியானோ சீஸ் ஒரு துண்டும் பிரீ சீஸ் ஒரு வட்டமும் மேசையில் வைத்தான். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, "பாலில செய்ததுதானே தம்பி, சைவம்தானே?" என்று கேட்டா. அவன் ஓம் என்று தலையாட்டிவிட்டான்.

பால்தான், ஆனால் பாலைத் திரைய வைப்பது எது என்றும் பார்க்க வேண்டும். பழைய முறையில் அது கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுக்கிற ரென்னெட். பார்மிஜானோ ரெஜியானோ என்ற பெயரில் விற்பதென்றால் அதைத்தான் சேர்க்க வேண்டும் என்பது அதைச் செய்கிற இத்தாலியில் விதி. வேறு பல சீஸ்களில் நுண்ணுயிரில் இருந்து எடுத்த ரென்னெட் சேர்க்கிறார்கள். பெட்டியில் அது எழுதியிருந்தால் பயமில்லை. தேசிக்காய் விட்டுத் திரைய வைக்கிற பன்னீரில் இந்தக் கேள்வியே இல்லை.

நான் விசயத்தைச் சொன்னதும் பெரியம்மா ஒன்றும் பேசவில்லை, தட்டைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டா. பிறகு அவவுக்குப் பன்னீரைச் சிறு கட்டிகளாக வெட்டி, மிளகுத்தூள் தூவி, பனாட்டை (வெயிலில் காயவைத்த பனம்பழக் களி) மெல்லிய கீற்றாக வெட்டி மேலே வைத்துக் கொடுத்தேன். பன்னீரில் உப்பில்லை, பனாட்டில் இலேசான கைப்பும் இனிப்பும். அது தம்பியின் தட்டைவிட நன்றாக இருந்தது என்று தம்பியே சொன்னான்.

பிரீயின் வெள்ளைத் தோலைச் சீவி எறியாதீர்கள். அது வேண்டுமென்றே வளர்த்த பூஞ்சணம், சாப்பிடலாம்.

பருத்தித்துறையில் இருந்து:

எங்கள் ஊர்த் தட்டைவடை இருக்க கிறாக்கர் எதற்கு? வடையில் உறைப்பு இருப்பதால் செடார் வேண்டாம், இரண்டும் சண்டை பிடிக்கும். கௌடாவோ கிறீம் சீஸோ சரி. கிறீம் சீஸை முன்கூட்டியே பூசி வைத்தால் வடை நமத்துவிடும், கடிக்கிற நேரம் பூசுங்கள்.

மானிப்பாயில் இருந்து:

வெளிநாட்டுக் குறிப்புகளில் சீஸை ஒரு மணி நேரம் முன்பே வெளியில் எடுத்து வையுங்கள் என்று இருக்கும். சித்திரை வெயிலில் இங்கே அப்படிச் செய்தால் செடார் வேர்த்து எண்ணெய் விட்டுவிடும். நான் வெட்டியதும் மூடி மறுபடி பிரிட்ஜில் வைத்து, ஆட்கள் கதிரையில் இருந்த பிறகு எடுப்பேன். கால் மணி நேரத்தில் குளிர் விட்டு மணம் வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதையும் வெளியில் விடுவதில்லை.

கறுத்தக்கொழும்பான் காலத்தில் மாம்பழமும் வைப்பேன், ஆனால் தனிக் கோப்பையில். அதன் சாறு பட்டால் கச்சானும் கிறாக்கரும் நனைந்து போகும்.

இன்னொன்று. ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். அவர்களுடைய கௌடாவும் ஈடமும் எங்கள் அடுப்படிக்கு வரவில்லை. ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீடுகளில் நத்தாருக்குப் புறூடர் கேக்கோடு ஈடம் வைக்கிற வழக்கம் உண்டு. போர்த்துக்கேயரின் கோட்டையைப் பெருப்பித்துக் கட்டியவர்கள் ஒரு சீஸ் கட்டியையாவது விட்டுப் போயிருக்கலாம்!

கொக்குவிலில் இருந்து:

பனாட்டு யோசனை அருமை, எனக்குத் தோன்றவில்லை. குடிக்க என்ன கொடுத்தேன் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்: தோலகட்டி ஆச்சிரமத்து நெல்லிக் கிரஷ், தண்ணீர் கூடுதலாக விட்டு. பால் தேத்தண்ணீர் வேண்டாம், வாய் கொழகொழத்துவிடும். இஞ்சி போட்ட வெறும் தேத்தண்ணீர் சரி. மிஞ்சிய செடார்த் தூளை அடுத்த நாள் காலை றோஸ் பாணில் தூவி, பச்சை மிளகாய் அரிந்து போட்டு, தோசைக்கல்லில் மூடி வையுங்கள்.