புதுப்பிப்பு: லெஃப்ட் 4 டெட் 2 பற்றி நான் சொன்னது தப்பு

போன வாரம், இந்த ஜாம்பி வீடியோ கேமின் 2009இல் வந்த இரண்டாம் பாகம், 2008இல் வந்த முதல் பாகத்துக்குப் புதுச் சட்டை மாட்டியதுதான் என்று எழுதியிருந்தேன். அப்போது ஒரே ஒரு அத்தியாயம்தான் ஆடியிருந்தேன். இப்போது நண்பர்கள் மூன்று பேரோடு ஐந்தையும் முடித்தாயிற்று. வாபஸ்!

முதல் பாகத்தில் ஜாம்பிக் கூட்டம் வந்தால் நாலு பேரும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு சுட்டாலே போதும். இதில் அந்தப் பருப்பு வேகாது. ஸ்பிட்டர் என்ற ஜாம்பி துப்பும் அமிலத்தில் நிற்க நிற்க அடி கூடுகிறது. சார்ஜர் என்ற இன்னொரு ஜாம்பி ஓடிவந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களைச் சிதறடிக்கிறது. சில இடங்களில் அலாரத்தை நிறுத்தும்வரை கூட்டம் ஓயாது. ஓடித்தான் ஆக வேண்டும்.

'ஹார்ட் ரெயின்' அத்தியாயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. எரிபொருள் எடுக்கப் போன அதே வழியில் திரும்பி வருகிறோம், ஆனால் வெள்ளம். மழை வலுத்தால் பக்கத்தில் நிற்பவரே மங்கலாகத்தான் தெரிகிறார்.

அப்புறம் கோடாரி, வாணலி, கிரிக்கெட் மட்டை! கைத்துப்பாக்கியை விட்டுக்கொடுத்தால்தான் கிடைக்கும். எனக்கு மட்டைதான்.

ஒரு குறை: முதல் பாகத்தின் நாலு கதாபாத்திரங்கள்மேல் வந்த ஒட்டுதல் இதன் புதியவர்கள்மேல் இன்னும் வரவில்லை. சரி, 2012க்குள் முதல் பாகத்தின் அத்தியாயங்களும் இதிலேயே வந்துவிட்டன. இன்று இரவு அதைத்தான் தொடங்குகிறோம்.