நன்றி மெயிலில் வேறு கம்பெனி பெயர் போய்விட்டது, என்ன செய்வது?

நூல்கண்டு:
வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு நேற்று இன்டர்வியூ. மேனேஜர் கேள்வி கேட்டார், எச்ஆர் மேடம் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டார். ஒரு இடம் தவிர எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. "ஜிஎஸ்எம் கட்டரில் வெட்டிய துணி 1.8 கிராம் இருக்கு, ஜிஎஸ்எம் எவ்வளவு?" என்றார். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. பதற்றத்தில் 18 என்று உளறிவிட்டேன்.

ராத்திரி இருவருக்கும் சேர்த்து நன்றி மெயில் போட்டேன். போன வாரம் வேறொரு கம்பெனிக்கு அனுப்பியதையே காப்பி செய்து பெயர்களை மாற்றினேன். காலையில் பார்த்தால் கடைசி வரியில் பழைய கம்பெனி பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கம்பெனியும் ஒரே ரோட்டில் வேறு இருக்கின்றன!

ஜிமெயிலில் திரும்ப எடுக்க வழி உண்டா? இல்லை, கவனித்திருக்க மாட்டார்கள் என்று விட்டுவிடலாமா?

பாபின்:
திரும்ப எடுக்க முடியாதுங்க. ஜிமெயிலில் 'அன்டூ' அதிகபட்சம் 30 நொடி. செட்டிங்ஸில் மாற்றாமல் விட்டிருந்தால் வெறும் 5 நொடி. அவுட்லுக்கில் 'ரீகால்' உண்டு, ஆனால் ஒரே நிறுவனத்துக்குள் அனுப்பிய மெயிலுக்குத்தான் அது உதவும். இப்போதே 30 நொடிக்கு மாற்றி வையுங்கள், அடுத்த தடவைக்கு ஆகும்.

கணக்குப்பிள்ளை:
விட்டுடுங்க. நன்றி மெயிலை யார் கடைசி வரி வரைக்கும் படிக்கிறாங்க? நீங்களா போய்ச் சொல்லி மாட்டிக்காதீங்க.

பழைய எச்ஆர்:
படிப்பாங்க தம்பி. ஆயத்த ஆடைக் கம்பெனிகளில் 14 வருஷம் ஆள் எடுத்தவள் சொல்கிறேன். எல்லா வேலைக்கும் இது பெரிய விஷயமில்லை. மெர்ச்சண்டைசருக்குப் பெரிய விஷயம். காலையிலிருந்து ராத்திரி வரை பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுக்கிறவருக்கு, மெயில் போடுவதுதான் வேலையே. ஒரு பையரின் ரேட்டை இன்னொரு பையருக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மேனேஜர் அதைத்தான் யோசிப்பார்.

நூல்கண்டு, நீ இன்றைக்கே எழுதிவிடு கண்ணு. புது மெயில் வேண்டாம், நேற்று அனுப்பியதற்கு அடியிலேயே 'ரிப்ளை ஆல்' போடு. ஆங்கிலத்தில் எழுது, விஷயம் இவ்வளவுதான்:

"நேற்றைய மெயிலின் கடைசி வரியில் நிறுவனத்தின் பெயரைத் தவறாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஜிஎஸ்எம் கேள்விக்கும் தவறான விடை சொன்னேன். கட்டர் வெட்டுவது 100 சதுர செ.மீ., ஒரு சதுர மீட்டர் என்பது அதைப் போல நூறு மடங்கு. எனவே 1.8 கிராமுக்கு 180 ஜிஎஸ்எம்."

ஒரு தடவை மன்னிப்பு போதும். காய்ச்சல், பஸ் லேட் என்று காரணம் அடுக்காதே. 'ரெஸ்பெக்டட் சார்' என்று லீவ் லெட்டர் மாதிரி ஆரம்பிக்காமல், பெயர் போட்டு எழுது. எழுத்துக்கூட்டலை விசிட்டிங் கார்டில் பார்த்துக்கொள். உண்மையைச் சொன்னால், நன்றியை விட அந்த 180 தான் அந்த மெயிலுக்கு மதிப்பு. 18 ஜிஎஸ்எம்மில் பனியன் தைத்தால் கொசுவலைதான் வரும்!

கணக்குப்பிள்ளை:
சரிங்க அக்கா, ஒத்துக்கறேன். மெயிலோட எச்ஆர் நம்பருக்கு வாட்ஸ்அப்பிலும் ஒண்ணு தட்டிவிடலாமா?

பழைய எச்ஆர்:
அவங்களாக வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அனுப்பலாம். கூப்பிட மட்டும் செய்திருந்தால் வேண்டாம். ஒரே விஷயத்தை நாலு பக்கமும் அனுப்பினால் தொந்தரவாகத்தான் தெரியும். முடிவு எப்போது சொல்வதாகச் சொன்னார்களோ, அந்த நாள் தாண்டி இரண்டு நாள் கழித்து ஒரு போன் போடலாம்.

மதுரைவீதி:
நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் நேர்முகம் முடிந்தது. போர்டில் இருந்த ஒருவரின் மெயில் முகவரி கிடைத்திருக்கிறது. நானும் நன்றி சொல்லலாமா?

பாபின்:
கூடவே கூடாது. அறிவிப்பை எடுத்துப் படியுங்கள். எந்த வகையில் சிபாரிசு தேடினாலும் தகுதி நீக்கம் என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். நீங்கள் நன்றி என்று நினைத்து அனுப்புவது அங்கே வேறு மாதிரி படலாம். ரூமை விட்டு வெளியே வரும்போது வாயால் சொன்னீர்கள் அல்லவா, அதோடு சரி.

நூல்கண்டு:
மதியம் 12 மணிக்கு அக்கா சொன்னபடியே அனுப்பினேன். நாலு மணிக்கு எச்ஆர் மேடம் கூப்பிட்டார். மேனேஜர் காலையிலேயே அந்த வரியைப் பார்த்துவிட்டாராம். "பையர் பேரையும் இப்படித்தான் மாத்துவீங்களான்னு சார் கேக்கச் சொன்னார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமை சாம்பிள் ரூமுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், கட்டரும் தராசும் கையில் கொடுத்துப் பார்ப்பார்களாம். சம்பளப் பேச்சே எடுக்கவில்லை. பழைய டெம்ப்ளேட்டை டெலீட் செய்துவிட்டேன். அக்கா, ஷேட் பேண்ட் (ஒரு நிறம் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று காட்டும் துணித் துண்டுகள்) பற்றியும் கேட்பார்களா?

பழைய எச்ஆர்:
கேட்பாங்க. ஷ்ரிங்கேஜையும், அதான் துவைச்சா துணி எவ்வளவு சுருங்கும்ங்கிறதையும், சேர்த்துப் படிச்சுட்டுப் போ.