மூவாயிரம் ரூபாய்க்குள் வீட்டுச் சமையலுக்கு எந்தக் கத்தி வாங்கலாம்?

அஸ்தம்பட்டிவாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் காய் நறுக்குவது இதுவரை அத்தையின் பொறுப்பு. அவர் அரிவாள்மணையில் உட்கார்ந்தால் பொரியலுக்கும் சாம்பாருக்கும் தேவையானதெல்லாம் மளமளவென்று தயாராகிவிடும். இப்போது அவருக்கு முழங்கால் தேய்மானம். தரையில் உட்காரவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி மேடையில் நின்றபடி நான்தான் நறுக்க வேண்டும்.

வீட்டில் இருப்பது புதுமனை புகுவிழாவுக்கு அன்பளிப்பாக வந்த ஆறு கத்தி செட். பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. தக்காளித் தோலில் வைத்தால் வழுக்குகிறது. அழுத்தினால் தக்காளி நசுங்கி விதை தெறிக்கிறது. மாலையில் பிள்ளைகளுக்குத் தட்டுவடை செட் போடுவேன். அதற்கு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கினால் பாதி நறுக்கல், பாதி நசுக்கல். நீர் விட்டுக்கொண்டு, தட்டுவடை வாய்க்குப் போவதற்குள் நமுத்துவிடுகிறது.

மூவாயிரம் ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் கேட்டபோது, "அசல் சேலம் ஸ்டீல், ஆயுசுக்கும் உழைக்கும்" என்று ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். நம் ஊர் எஃகு என்றால் நம்பி வாங்கலாமா? எத்தனை கத்தி தேவை, என்ன நீளம்? அத்தைக்கும் ஒன்று வேண்டும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நறுக்கித் தருகிறேன் என்கிறார். வேண்டாம் என்றால் மனம் வாடிவிடுகிறார்.

கருவிப்பட்டறை:

சகோதரி, கடைக்காரர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். இந்த ஊரில் பாதிப் பேர் அந்த வார்த்தையை நம்பித்தான் கத்தி வாங்குகிறார்கள். நான் தொழிற்சாலைக் கருவிப் பிரிவில் எஃகை ஹார்டனிங் செய்யும், அதாவது காய்ச்சிக் கடினமாக்கும், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலை 1981 முதல் ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டுகிறது. அந்தத் தகட்டின் தரத்தைப் பற்றி என்னிடம் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் குடத்துக்கும் டிபன் கேரியருக்கும் போகும் 304 ரகம் கத்திக்கு ஆகாது. அதில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். கார்பன் மிகமிகக் குறைவு. புளி பட்டாலும் துருப்பிடிக்காது, அச்சில் அழுத்தினால் கிழியாமல் வளைந்து கொடுக்கும். பாத்திரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கத்தியின் அலகோ கடினமாக இருந்தாக வேண்டும். 304ஐப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினாலும் அது கடினமாகாது. தீட்டினால் கூர் வரும், அடுத்த சில சமையலுக்குள் விளிம்பு மடங்கிவிடும். உங்கள் வீட்டுத் தக்காளி நசுங்குவதற்கும் அநேகமாக மென்மையான எஃகுதான் காரணம்.

கடைக்குப் போகும்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். அலகில் காந்தம் ஒட்டவே இல்லை என்றால் அது பாத்திர எஃகு. பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 430 போன்ற மலிவு ரகங்களிலும் காந்தம் ஒட்டும், அவையும் கடினமாகாதவைதான். அதனால் காந்தம் ஒட்டிய பிறகு, எஃகின் பெயரும் ராக்வெல் கடினத்தன்மை எண்ணும் அட்டையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் "ஹை கார்பன் ஸ்டெயின்லெஸ்" என்ற வாசகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

உங்கள் தொகைக்கு நான் சொல்வது 1.4116 என்ற எண்ணுள்ள ஜெர்மன் ரக எஃகு. கார்பன் சுமார் 0.5 சதவீதம், குரோமியம் சுமார் 15 சதவீதம். சுவிட்சர்லாந்தின் விக்டோரிநாக்ஸ் சமையல் கத்திகள் இதில்தான் வருகின்றன. ராக்வெல் 55, 56 அளவில் கடினம். அந்த எண் வீட்டுக்கு மிகப் பொருத்தம் என்பேன். முருங்கைக்காயை வெட்டினாலும் பொடிந்து உதிராது, மழுங்கினால் வீட்டுக் கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம். வேறு நிறுவனக் கத்தியிலும் இதே எஃகும் இதே கடினமும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

செட் வேண்டவே வேண்டாம். ஆறு கத்தியில் நான்கு இழுப்பறையில் தூங்கும். அலகு ஆறு அல்லது ஏழு அங்குலத்தில் ஒரு பெரிய கத்தி போதும். எட்டு அங்குலம் முட்டைக்கோசுக்கும் பூசணிக்கும் சுகம், ஆனால் நம் வீட்டு மேடைகளில் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே இருக்கும் இடத்தில் முனை எதிலாவது இடிக்கும். வாங்கும்போது பிடியைக் கையில் பிடித்து, வெட்டுவதுபோல் வைத்துப் பாருங்கள். விரல் முட்டிகள் பலகையில் இடிக்கக் கூடாது. இதற்கு அலகு நாலு, நாலரை சென்டிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும்.

அத்தைக்கு நாலு அங்குலத்தில், பல்வைத்த சிறிய கத்தி. எடையே தெரியாது, தக்காளியும் எலுமிச்சையும் அழுத்தாமலே அறுபடும், பீன்ஸ் நார் எடுக்கவும் ஆகும். பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை மடித்துப் போட்டுக் கொடுங்கள், மேசையில் நகராது. அரிவாள்மணையையும் பரணில் ஏற்றிவிடாதீர்கள். ஊறுகாய் மாங்காயைக் கொட்டையோடு பிளக்க உங்கள் புதுக் கத்தியைத் தொடவே கூடாது.

மிச்சப் பணத்தில் ஒரு தீட்டுகல்லும் மரப்பலகையும். கிரானைட் மேடையிலோ கண்ணாடிப் பலகையிலோ வெட்டினால் எப்பேர்ப்பட்ட கத்தியும் அன்றைக்கே மழுங்கும். கறிக்கடையில் புளியமரக் கட்டை போட்டிருப்பது காரணமில்லாமலா? வீட்டுக்கு வேம்பு, மா, தேக்கு எதுவானாலும் சரி.

மலைச்சமையல்:

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து விருந்தினர் இல்லத்தில் சமைக்கிறேன். அண்ணன் எஃகைப் பற்றிச் சொன்னார். நான் ஈரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இங்கே கொல்லர் அடித்துக் கொடுக்கும் சாதா இரும்புக் கத்திகள் எனக்கு உயிர். கூர் அப்படியொரு கூர். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் சமையலறை ஜன்னல் வழியாகவே உள்ளே வந்துவிடும். இரவு துடைக்காமல் வைத்த கத்தியைக் காலையில் பார்த்தால் அலகு முழுக்கச் செம்புள்ளி. வாழைப்பூவை அதில் நறுக்கினால் பூவும் கறுக்கும், கத்தியும் கறுக்கும். கழுவித் துடைத்து எண்ணெய் பூசினால்தான் தப்பும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோய், பூசவே வராது. நல்லெண்ணெய்க்கு மாறிவிட வேண்டும். இவ்வளவு பார்த்துக்கொள்ள நேரமிருந்தால் இரும்புக் கத்தி வாங்குங்கள். இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ்தான் உங்களுக்கு நல்லது அக்கா.

பிடி விஷயத்தில் மட்டும் கவனம். மலிவு மரப்பிடி ஈரத்தில் ஊறி, வெயிலில் சுருங்கி, ஆணியருகே விரிசல் விடும். அந்த இடுக்கில் மீன் கழிவு போய் உட்கார்ந்தால் எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. சொரசொரப்பான பிளாஸ்டிக் பிடி பார்க்க அழகாக இருக்காது. கையில் எண்ணெய் இருந்தாலும் வழுக்காது. பலாக்காய் அரியும் முன் அலகின் இரு பக்கமும் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பால் ஒட்டாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஐந்துரோடு:

எல்லாரும் ஐரோப்பியக் கத்தியே சொல்கிறீர்களே! நான் ஜப்பானிய விஜி10 எஃகுக் கத்தி வைத்திருக்கிறேன். வெங்காயத்தில் இறங்குவதே தெரியாது, கண்ணும் எரிவதில்லை. கொஞ்சம் கூடுதல் பணம் போட்டு அதையே வாங்கலாமே?

கருவிப்பட்டறை:

தம்பி, அருமையான எஃகு அது, மறுக்கவே மாட்டேன். கார்பன் சுமார் ஒரு சதவீதம், கடினம் 60ஐ ஒட்டி. கூர் நெடுநாள் நிற்கும். அந்தக் கடினத்துக்கும் மெல்லிய விளிம்புக்கும் விலையும் உண்டு. கோழி எலும்பில் பட்டாலோ, பூசணியில் செருகி நெம்பினாலோ விளிம்பு துண்டாகப் பெயரும். ஒரே கத்தியில் பலர் புழங்கும் வீட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். இன்னொன்று, அலை அலையாகக் கோலம் ஓடும் அலகெல்லாம் மடித்து அடித்த எஃகு அல்ல. வெறும் மேற்பூச்சாகக் கோலம் பொறித்தும் விற்கிறார்கள். கோலத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அஸ்தம்பட்டிவாசி:

அண்ணா, மிக்க நன்றி. ஒரு பெரிய கத்தி, அத்தைக்கு ஒரு பல்கத்தி, கல், பலகை என்று முடிவு செய்துவிட்டேன். தெருவில் சைக்கிளில் சாணை பிடிப்பவர் வருகிறாரே, அவரிடம் கொடுத்தால் போதாதா? கல்லில் தீட்டிப் பழக்கமே இல்லை.

கருவிப்பட்டறை:

அரிவாள்மணையையும் தேங்காய் வெட்டும் அரிவாளையும் அவரிடமே கொடுங்கள், நன்றாகச் செய்து தருவார். புதுக் கத்தி வேண்டாம். உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்கத் தேய்க்கும்போது மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறிவிடும். விளிம்பில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் இறங்கி, கடினம் போய்விட்டது என்று பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. பல்கத்தியைக் கல்லிலும் வைக்க வேண்டாம், மழுங்கினால் புதிதாக வாங்கிக்கொள்வதே எளிது.

கல் 1000 எண் வாங்குங்கள், கல்லின் துகள் எவ்வளவு நுண்மை என்பதற்கான எண் அது. ஊறவைக்கும் ரகம் என்றால் குமிழ் வருவது நிற்கும்வரை தண்ணீரில் கிடக்கட்டும். ஈரத்துணி மேல் கல்லை வைத்து, கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து ஒரு சுண்டுவிரல் பருமன் தூக்கிப் பிடியுங்கள். நீங்கள் வாங்கப்போகும் அகலத்துக்கு அது ஏறக்குறைய 15 பாகை. அந்தச் சாய்வு மாறாமல், பிடிப்பக்கத்திலிருந்து முனைவரை முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். சாம்பல் நிறச் சேறு வரும், கழுவிவிடாதீர்கள். தீட்டுவதில் அதற்கும் பங்கு உண்டு.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். தேய்க்காத பக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல வழித்துப் பாருங்கள். மயிரிழை போல ஒரு பிசிறு விரலில் தடுக்கும். அது முனைவரை விட்டுப்போகாமல் தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் முடிந்தது, கத்தியைத் திருப்புங்கள். மறுபக்கமும் பிசிறு எழுந்ததும், அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றி நாலைந்து இழுப்பு இழுத்தால் பிசிறு உதிரும். செய்தித்தாளை நீள்வாக்கில் பிடித்து வெட்டிப் பாருங்கள். தாள் எங்கே கிழிந்து மாட்டுகிறதோ அந்த இடத்தை மட்டும் மறுபடி தேய்த்தால் போதும்.

இடையில் சற்று மழுங்கினால் கல்லை எடுக்க வேண்டியதில்லை. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பூச்சில்லாத வளையம் இருக்கும். அதில் இரு பக்கமும் மெல்ல நான்கு இழுப்பு இழுங்கள்.

கல்லின் நடுவில் போகப்போகக் குழி விழும். குழிந்த கல்லில் சாய்வு நிற்காது. சமமான கண்ணாடி மேல் நீர்க்காகிதம் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டி, தண்ணீர் தெளித்து, கல்லைக் குப்புறப் போட்டுத் தேய்த்துச் சமப்படுத்திக்கொள்ளுங்கள்.