புதுப்பிப்பு: கோர்ட் டிக்ரி வந்தும் வீடு கைக்கு வரவில்லை

அத்தையின் வீட்டு வழக்கில், வீட்டை அவரிடம் ஒப்படைக்கச் சொல்லும் டிக்ரி (நீதிமன்றத் தீர்ப்பாணை) கிடைத்துவிட்டது என்று முன்பு எழுதியிருந்தேன். சாவி வாங்கியாச்சா என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. டிக்ரியை நடைமுறைப்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போட்டோம்; நீதிமன்ற ஊழியரான அமீனா வாரண்டோடு போனார். வாசலில் பூட்டு, உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம். பூட்டியிருக்கிறது என்று எழுதி வாரண்டைத் திருப்பிவிட்டார். சரி, பூட்டை உடைக்க ஒரு மனு, போலீஸ் பாதுகாப்புக்கு இன்னொரு மனு. அதற்குள் எதிர்த்தரப்பின் மைத்துனர், தனக்கும் உரிமை உண்டு என்று ஆட்சேப மனு போட்டுவிட்டார். மறுபடியும் வாய்தா.

நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இலேயே சொன்னது. 2025 மார்ச்சில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் அதையே திரும்பச் சொல்லி, எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் கணக்குக் கேட்டது. வந்த கணக்கில், நாடு முழுவதும் நிலுவையில் இருந்த நிறைவேற்று மனுக்கள் 8.8 லட்சத்துக்கும் மேல். பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இல் பரிந்துரைத்தது. இன்றும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆள் போடாமல் கெடு மட்டும் வைத்தால் எப்படி முடியும்? அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது.

ஆட்சேப மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. வயதைக் காட்டி விரைந்து முடிக்கக் கேட்டிருக்கிறோம். உத்தரவு வந்ததும் எழுதுகிறேன்.